ஆள் மாற்றாத அறிவுரை

மறதிநோய் வந்த முதியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றி வரும் நலவாழ்வுப் பத்திகளும், முதியோர் தினக் கூட்டங்களின் மேடைப்பேச்சுகளும், மருத்துவமனைகளில் கிடைக்கும் துண்டறிக்கைகளும் ஏறத்தாழ ஒரே கருத்தைத்தான் சொல்லிவருகின்றன. நம்முடைய குடும்ப அமைப்பு வலிமையானது, முதியவரைத் தாங்கும் கடமையுணர்வு இங்கே இன்னும் மங்கவில்லை என்பது அக்கருத்தின் முற்பாதி. அப்படியும் பராமரிப்பவர் களைத்துப்போனால் அவர் தம்மைத் தாமே பேணிக்கொள்ளப் பழக வேண்டும் என்பதும், காலையில் மூச்சுப்பயிற்சி செய்து, பிடித்த பாட்டைக் கேட்டு, வாரத்தில் சிறிது நேரத்தைத் தமக்கென ஒதுக்கி, வருவதைப் பொறுமையோடு ஏற்க வேண்டும் என்பதும் பிற்பாதி. முற்பாதியைப் பேசுவோர் பெரும்பாலும் மரபின் பக்கம் நிற்பவர்கள், பிற்பாதியைப் பேசுவோர் நவீன உளவியல் படித்தவர்கள் என்பதால் இவை இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து வருவனபோலத் தோன்றும். ஆனால் பராமரிப்பு என்பது ஒருத்தியின் மனவலிமையைப் பொறுத்தது என்ற ஒரே நம்பிக்கையின் மீதுதான் இரண்டும் நிற்கின்றன. அந்த நம்பிக்கை தவறானது என்பதும், இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை போன்ற ஒரு வட்டாரத்தில் அது தீங்கும் செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டிமென்சியா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மறதிநோய் ஒரு தனி நோயன்று. மூளைச் செல்கள் படிப்படியாகச் சிதைவதால் நினைவும், மொழியும், இடம் காலம் பற்றிய தெளிவும், முடிவெடுக்கும் திறனும் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் தானாக உண்ணவும் குளிக்கவும்கூட முடியாத நிலைக்குக் கொண்டுபோகிற பல நோய்களுக்கான தொகுப்புப் பெயர் அது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஊர்ப்பேச்சில் இது 'வயசாயிடுச்சு', 'அறளை பெயர்ந்துவிட்டது' என்ற அளவில் முடிந்துவிடுகிறது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அது கூடுதலாக இருந்தது. நோய் வந்தபின் வாழ்க்கை பல ஆண்டுகள் நீள்வதால், நோயாளி ஒருவர் இருக்கும் இடத்தில் அவருக்காகத் தன் நாட்களை முழுமையாகக் கொடுக்கும் இன்னொருவரும் இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அந்த இன்னொருவர் எந்தக் கணக்கெடுப்பிலும் தனியாக வருவதில்லை.

கூட்டுக்குடும்பம் இந்தப் பாரத்தைத் தானாகவே பகிர்ந்துகொள்கிறது என்ற முற்பாதியை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அது வெறும் பெருமிதப் பேச்சன்று, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். உலக மறதிநோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லையே என்ற குறையைத் தன் பெயரிலேயே தாங்கி 1998இல் தொடங்கிய '10/66' ஆய்வுக்குழு, இந்தியா, சீனா, இலத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் 24 மையங்களில் 706 நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டது. பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் பெரிய குடும்பங்களில் நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். வீட்டில் ஆட்கள் கூடியிருந்தால் சுமை ஓரளவு குறைகிறது என்பதை அந்த ஆய்வு மறுக்கவில்லை. ஆனால் மரபான குடும்ப அமைப்பு முழுவதும் இருந்தும், அவர்களுடைய மனச்சுமை வளர்ந்த நாடுகளில் காணப்படும் அளவுக்குக் குறையாமல் இருந்தது என்பதே அதன் முதன்மையான முடிவு. திருச்சூர்ப் பகுதியில் கே. எஸ். ஷாஜியும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2003இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வில், பராமரிப்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்களாகவும், பல வீடுகளில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள்களாகவும் இருந்தார்கள். உள்ளூர் மருத்துவச் சேவை கைகொடுக்காததும், அதே வீட்டின் மற்ற உறவினர் ஒத்துழைக்காததும் அவர்களுடைய நிலையை மேலும் மோசமாக்கின. ஆக, கூட்டுக்குடும்பம் என்ற சொல் ஒரு கூரையின் கீழ் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. மலம் கழித்த துணியை யார் அலசுகிறார்கள் என்பதை அது சொல்வதில்லை.

இக்கடற்கரையின் வீடுகளுக்கு வந்தால் அந்தக் கூற்று இன்னும் மெலிந்துபோகிறது. இராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. காலையில் புறப்பட்ட படகு மறுநாள் காலையில்தான் கரை திரும்புகிறது. மறதிநோயாளிகள் பலருக்கு மாலை மங்கும்போது குழப்பமும் பதற்றமும் கூடுகின்றன. தன் வீட்டிலேயே இருந்துகொண்டு 'வீட்டுக்குப் போகணும்' என்று எழுந்து நடக்கத் தொடங்குவதும், இருட்டில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறுவதும் அந்த நேரத்தில்தான் மிகுதி. கடல் வாசலுக்கு எதிரே இருக்கும் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ, கணவர் பாக் நீரிணையில் இருக்கும் இரவில் ஒரு பெண் தனியாக விழித்திருப்பதன் பொருள் என்ன என்பதை 'கூட்டுக்குடும்பம்' என்ற பொதுச்சொல் விளக்காது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் மாதக்கணக்கில் இருப்பவர்களின் வீடுகளில் அந்த மூன்று இரவுகள் எல்லா இரவுகளுமாகிவிடும். கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கம் நிலைமை வேறு வகையானது. மகன்கள் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், மருந்துக்கும் மருத்துவருக்கும் குறைவில்லாமல் பணம் வருகிறது, ஆனால் நள்ளிரவில் பெரியவரைப் பிடித்து உட்கார வைக்க இன்னொரு கை வருவதில்லை. முதுகுளத்தூர், கமுதி பக்கத்து உள்நாட்டு ஊர்களிலிருந்தோ பிழைப்புக்கு வெளியூர் போவது நெடுங்காலப் பழக்கம்.

பெண்களின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் 'உங்களுக்கென நேரம் ஒதுக்குங்கள்' என்ற அறிவுரை, அவர்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள் என்றோ, விடுப்பு எடுக்கக்கூடிய அலுவலகத்தில் இருக்கிறார்கள் என்றோ எண்ணிக்கொண்டே எழுதப்படுகிறது. பாம்பன் தீவின் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காகத் தாங்களே பேசி மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்று வேலையை வரையறுத்துக்கொண்டவர்கள். பன்னிரண்டில் ஒன்றை இழப்பது அந்த மாத வருவாயில் பன்னிரண்டில் ஒரு பங்கை இழப்பதாகும். அதோடு அந்த நாள்கள் கடலின் போக்கைப் பொறுத்தவை, பராமரிப்பவரின் வசதிக்கு ஏற்ப அவற்றைத் தள்ளிவைக்க முடியாது. குடிநீருக்குக் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்து நடப்பது இம்மாவட்டத்தின் பல ஊர்களில் அன்றாட வேலை. அதற்காகும் நேரத்தில் முதியவரை யாரிடம் விட்டுப்போவது என்ற கேள்விக்கு எந்தத் துண்டறிக்கையிலும் விடை இல்லை. இவர்களிடம் போய் ஓய்வெடுக்கச் சொல்பவர், அவர்கள் ஓய்வைத் தாங்களாகவே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதாக நினைக்கிறார்.

கூட்டுக்குடும்பப் பெருமிதம் வெறுமனே தவறாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது பராமரிப்பவரைக் குற்றவாளியும் ஆக்குகிறது என்பதுதான் கடுமையான குறை. மறதிநோயின் நடுக்கட்டத்தில் அடிக்கடி வரும் அறிகுறிகளில் ஒன்று திருட்டுச் சந்தேகம்: தானே எங்கோ வைத்துவிட்டு மறந்த சங்கிலியையோ சுருக்குப்பையையோ வீட்டில் இருப்பவர் எடுத்துவிட்டார் என்று நோயாளி உறுதியாக நம்புகிறார். இன்னொன்று, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அது நினைவிலிருந்து போய்விட, 'எனக்குச் சோறே போடுவதில்லை' என்று தெருவில் போவோரிடம் முறையிடுவது. இரண்டு பழியும் எப்போதும் அருகில் இருப்பவர் மீதே விழுகின்றன. அருகில் இருப்பவர் மருமகள். நல்ல குடும்பத்தில் முதியவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள் என்று நம்புகிற ஊர், முதியவர் நன்றாக இல்லாததைக் கண்டவுடன் குடும்பம் நல்லதில்லை என்ற முடிவுக்கு வருவது அந்த நம்பிக்கையின் இயல்பான விளைவு. நோயின் அறிகுறியையே ஊர் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது.

இது கற்பனையான அச்சமன்று. கோவாவில் விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்சும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோயின் தோற்றத்தை விவரித்துக் கேட்டபோது மக்கள் அதை நன்கு அடையாளம் கண்டார்கள். ஆனால் அதை நோயாகக் கருதாமல் முதுமையின் இயல்பு என்றும், பிள்ளைகளின் அன்பின்மையாலும் புறக்கணிப்பாலும் வருவது என்றும் விளக்கினார்கள். வாரணாசியில் ஆய்வு செய்து 1998இல் நூல் எழுதிய மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹனும், முதியவரின் தடுமாற்றத்தைக் கெட்டுப்போன குடும்பத்தின் அடையாளமாகப் பார்க்கும் போக்கைப் பதிவுசெய்திருக்கிறார். இந்தப் போக்கின் நடைமுறை விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழிக்கு அஞ்சும் குடும்பம் நோயை மறைக்கிறது, மறைக்கும் குடும்பம் உதவி கேட்பதில்லை, உதவி கேட்கும் குரல் எழாததால் இங்கே உதவிக்குத் தேவையே இல்லை, குடும்பங்களே பார்த்துக்கொள்கின்றன என்ற முடிவு மீண்டும் மேடையேறுகிறது. பெருமிதம் தனக்கான சான்றைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது.

இனிப் பிற்பாதி. பராமரிப்பவர் தம்மைப் பேணிக்கொள்ளப் பழகினால் போதும் என்ற கொள்கைக்கு ஒரு நல்ல சோதனை இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பவர்களுக்காக 'ஐ-சப்போர்ட்' என்ற இணையவழித் தன்னுதவிப் பயிற்சியை உருவாக்கியது. நோயைப் புரிந்துகொள்வது, தன்னைப் பேணுவது, அன்றாடப் பராமரிப்பு, நடத்தை மாற்றங்களைக் கையாளுவது ஆகியவை அதன் பாடங்கள். இந்தியாவில் 151 பராமரிப்பவர்களைக் கொண்டு அதைச் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டபோது, மூன்று மாதம் கடந்து இறுதி மதிப்பீடுவரை எஞ்சியவர்கள் 55 பேர். மனச்சோர்விலும் சுமையிலும் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நோயாளியைப் பார்க்கும் மனப்பாங்கில் மட்டுமே முன்னேற்றம் இருந்தது. அதாவது, படித்தவர்கள் நோயாளியைக் கனிவோடு பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், அவர்களுடைய களைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. பாடம் பிழையானதன்று; பாடத்தைத் திறந்து உட்காரும் அரைமணி நேரத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று கொள்வதே பொருத்தமான விளக்கம்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட 'ஸ்டார்ட்' ஆய்வில், பராமரிப்பவருக்கு எட்டு அமர்வுகளில் சமாளிக்கும் வழிகள் கற்பிக்கப்பட்டன. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, அந்தப் பயன் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சமாளிக்கும் திறன் கற்கத்தக்கது என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது. ஆனால் அங்கே கற்பித்தது துண்டறிக்கை இல்லை, பயிற்சி பெற்ற உளவியல் பட்டதாரி ஒருவர். எட்டு முறையும் அந்த ஒருத்திக்காகவே வந்து அமர்ந்தவர். கோவாவில் அமித் தியாஸ் உள்ளிட்டோர் 81 குடும்பங்களோடு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. அங்கே உள்ளூர் ஆட்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் வீடு தேடி அனுப்பினார்கள். அவர்கள் நோயை விளக்கினார்கள், நடத்தைச் சிக்கல்களுக்கு வழி சொன்னார்கள், அரசு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கத் துணை செய்தார்கள், குடும்பத்தின் மற்றவர்களோடும் பேசினார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. தன்னைப் பேணுவது வெற்றி பெற்ற இடங்களிலெல்லாம் அது தானாக நடந்ததாக இல்லை, வேறொருவர் வந்திருக்கிறார்.

சமாளிக்கும் திறன் என்று சொல்லப்படுவதன் உள்ளடக்கத்தைச் சற்று நின்று பார்த்தாலும் இது விளங்கும். நோயாளி தவறாகச் சொல்வதைத் திருத்தி வாதாடாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புவது முதல் பாடம். இறந்துபோன கணவரை எங்கே என்று கேட்கும் மூதாட்டிக்கு ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாளின் ஒழுங்கை மாற்றாமல் வைத்திருப்பது, பகலில் வெளிச்சத்தில் நடக்க வைப்பது, இரண்டு மணிக்கொருமுறை கழிப்பறைக்கு அழைத்துப்போவது, வெளியே போனால் அடையாளம் தெரியுமாறு பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய வளையலோ அட்டையோ அணிவிப்பது ஆகியவை அடுத்தவை. ஒருவர் திடீரென ஓரிரு நாளில் மிகவும் குழம்பிப்போனால் அதை நோயின் வளர்ச்சி என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, நீரிழப்பு ஆகியவை அவ்வாறு செய்யும், அவை சரிசெய்யக்கூடியவை. இராமநாதபுரத்துக் கோடையில், தாகம் எடுப்பதையே உணராத முதியவருக்கு நீரிழப்பு எத்தனை எளிதில் வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இவற்றில் எதுவும் மறைபொருள் இல்லை, எவரும் கற்கலாம். ஆனால் முந்தைய இரவில் தூங்காத ஒருவரால் நாற்பதாவது முறை கேட்கப்படும் கேள்விக்கு முதல் முறைபோலப் பதில் சொல்ல முடியாது. பொறுமை ஒரு குணம் என்றே பேசப்படுகிறது. பெரும்பகுதி அது தூக்கத்தின் விளைபொருள்.

இரவுக்கு ஆள் இல்லாத வீடு கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதையும் பேசியாக வேண்டும். 'தூங்க ஏதாவது மாத்திரை கொடுங்கள்' என்று மருத்துவரிடம் கேட்கிறது. மறதிநோயுள்ள முதியவர்களைக் கட்டுப்படுத்தத் தரப்படும் மனப்பிறழ்வு மாத்திரைகள் அவர்களின் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. தூக்க மாத்திரைகள் முதியவரைத் தடுமாறி விழச்செய்து இடுப்பை முறிக்கின்றன. கேட்பவரைக் குறை சொல்வது எளிது, கொடுப்பவரைக் குறை சொல்வதும் எளிது. இரண்டு இரவுக்கு ஒருமுறை இன்னொருவர் விழித்திருக்க ஏற்பாடு இருந்தால் அந்தக் கேள்வியே பல வீடுகளில் எழாது. ஆள் கொடுக்க வேண்டிய இடத்தில் மாத்திரை கொடுக்கப்படுகிறது, பராமரிப்பவருக்கு வேண்டிய ஓய்வை நோயாளியின் உடல் விலையாகக் கொடுக்கிறது.

கடமை, பக்தி என்ற சொற்களால் இந்த வாதத்தை மறுப்பவர்கள் இக்கடற்கரையில் மிகுதி. அவர்களை எள்ளி ஒதுக்குவது நியாயமில்லை, இறைநம்பிக்கை பல பராமரிப்பவர்களுக்குப் பெரும் பிடிமானம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பக்திமரபே கடமையை எப்படி நிறைவேற்றுகிறது என்று அவர்கள் பார்க்கலாம். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் பல்லாயிரம் பேர் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்கிறார்கள். அதற்குப் புரோகிதர் உண்டு, சிறப்புப் பேருந்து உண்டு, காவல்துறைப் பாதுகாப்பு உண்டு, குடிநீர் உண்டு. மறைந்தவர்க்கான கடன் ஒருவர் மனத்தின் பொறுப்பில் விடப்படவில்லை, ஊரே சேர்ந்து ஏற்பாடு செய்கிறது. உயிரோடு இருந்து தன் மகனின் பெயரை மறந்துவிட்டவர்க்கான கடன் மட்டும் உள்ளறையில் ஒருத்தியின் தனிப்பட்ட புண்ணியமாக விடப்பட்டிருக்கிறது.

இதே மாவட்டத்தின் ஏர்வாடி, ஏற்பாடு இல்லாத கடமை எங்கே போய் முடியும் என்பதை நாட்டுக்கே காட்டிய இடம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை அண்டி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாத 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் மறதிநோயாளிகள் அல்லர், மனநோயாளிகள். இரண்டையும் ஒன்றாக்குவது தவறு. ஒப்பிட வேண்டியது அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களை. தர்காவின் அருளை நம்பி வந்தவர்கள் உண்டு. எந்த உதவியும் இன்றிப் பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து இனி முடியாது என்ற நிலையில் வந்தவர்களும் உண்டு. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, உரிமம் பற்றிய விதிகள் இறுகின. பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு மனநலத் திட்டத்தின் கீழ் தர்கா வளாகத்திலேயே வழி செய்யப்பட்டதும் பாராட்டத்தக்கது. சங்கிலியைப் பற்றி நாடு பேசியது. சங்கிலி வரைக்கும் ஒரு குடும்பம் எப்படி வந்துசேர்கிறது என்பதைப் பேசவில்லை. அதைப் பேசாமல் விட்டதால்தான், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் முடியாத முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து உயிரைப் போக்கும் தலைக்கூத்தல் பற்றி 2010இல் செய்திகள் வந்தபோது, நம் குடும்பங்கள் தாங்கும் என்று பேசிவந்தவர்களுக்கு அதிர்ச்சியடைவதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

பகல்நேரக் காப்பகமும், பராமரிப்பவருக்குச் சில மணி நேரமோ சில நாளோ விடுவிப்புத் தரும் இடையோய்வுச் சேவையும் வந்தால், அதுவே முதியோர் இல்லத்துக்கு முதற்படி ஆகிவிடும், பிள்ளைகளின் கடமையுணர்வு மழுங்கும் என்பது இன்னொரு மறுப்பு. நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழுவினர் 206 பராமரிப்பவர்களிடம் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரானதைக் கண்டது. அங்கே பராமரிப்பவருக்குத் தனியாக இரண்டு அமர்வுகளும், குடும்பத்தாரையும் சேர்த்து நான்கு அமர்வுகளும் ஆலோசனை தரப்பட்டது, பிறகும் அழைக்கும்போது உதவி கிடைத்தது. அவ்வாறு உதவி பெற்ற வீடுகளில் நோயாளியை இல்லத்தில் சேர்ப்பது, பெறாத வீடுகளைவிட ஏறத்தாழ 329 நாள் தள்ளிப்போனது. நான்கு அமர்வுகள் குடும்பத்துக்கு என்ற விகிதத்தையும் கவனிக்கலாம்: தேற்றப்பட வேண்டியவர் ஒருவர், வேலை பிரிக்கப்பட வேண்டியவர்கள் பலர் என்பதை அந்த ஏற்பாடு புரிந்துவைத்திருந்தது. உதவி கிடைத்த குடும்பம் நீண்டநாள் தாங்குகிறது. கடமையை உண்மையிலேயே காக்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது இடையோய்வைத்தான்.

சட்டமும் இந்த வீடுகளை உள்ளே வந்து பார்க்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007 மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைப் பொறுப்பாக்குகிறது, மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்க இடம் தருகிறது, முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. அதன் 'பிள்ளைகள்' என்ற வரையறையில் மருமகள் இல்லை. 2019இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா அவரைச் சேர்க்க முயன்றது, எதற்காக என்றால் பணம் தரக் கடமைப்பட்டவர் பட்டியலை நீட்டுவதற்காக. உழைப்பவராக அவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அங்கும் எழவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கூடுதல் உதவி தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. அது பட்டியலிடும் 21 வகைகளில் மறதிநோய் தன் பெயரோடு இடம்பெறாவிட்டாலும், மனநோய்க் குறைபாட்டை அளக்கப் பயன்படும் இந்திய அளவுகோல் மறதிநோய்க்கும் உரியது என்பதால் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அந்த வழி இருப்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும் என்பது வேறு. படுக்கையில் கிடப்போரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்குக் கேரள அரசு 'ஆசுவாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய் ஒதுக்குகிறது. தொகை சிறிது, ஏன் மிகச் சிறிது; ஆனால் நோயாளிக்கு அல்லாமல் பராமரிப்பவருக்கு என்று ஒரு தொகையை எழுதுவது, அவர் செய்வது வேலை என்று அரசு ஒப்புக்கொள்வதாகும்.

பணமும் கட்டடமும் எங்கே என்ற கேள்வி கடைசியாக வரும், வருவதும் நியாயமே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். படுக்கையில் இருப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் அதே திட்டத்தில் உண்டு. கோவாவில் வீடு தேடிப் போனவர்களுக்குத் தந்தது போன்ற பயிற்சியை இவர்களுக்கும் தந்து, முதியவரின் இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் ஏட்டில், அவரைப் பார்த்துக்கொள்பவர் கடந்த வாரம் எத்தனை இரவு முழுமையாகத் தூங்கினார் என்ற கேள்வியையும் சேர்க்கலாம். 2022இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் மேற்பார்வைக்கு மதுரைவரை போக வேண்டியதில்லை. கட்டடத்தைப் பொறுத்தவரை, கடலோர ஊர்களில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் நிற்கின்றன. புயல் வராத நாட்களே ஆண்டில் மிகுதி என்பதால், அவற்றில் சிலவற்றைப் பாசி எடுக்கும் நாட்களில் காலை முதல் பிற்பகல் வரை முதியவர்களுக்கான பகல் மையமாக நடத்தத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளில் போகும் ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். தாயைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், இரவில் விழித்திருக்கவும் மகன்களைப் பழக்குவதற்கு அதைவிட நீண்ட விடுமுறை வேறு தொழில்களில் எளிதில் கிடைக்காது. எந்த நாளில் படகு போவது, எப்போது வேலைநிறுத்தம் செய்வது, சிறைபட்டவர் குடும்பத்துக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் கூடிப் பேசி முடிவெடுக்கும் மீனவர் சங்கங்களும், ஜமாஅத்துகளும், பங்கு மன்றங்களும் இக்கரையில் இருக்கின்றன. படகு கடலில் இருக்கும் இரவுகளில் எந்த வீட்டுக்கு யார் துணையாகப் போவது என்ற முறைவைப்பையும் அதே கூட்டத்தில் எழுதலாம்.